மிதவை டியூபில் உட்கார்ந்து தூண்டில் போடுவது சென்னையில் நடக்குமா?

கேள்வி இதுதான்: "யூடியூபில் ஃப்ளோட் டியூபில் மிதந்துகொண்டே மீன் பிடிக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. வெளிநாட்டில் இதற்கு ஏன் இவ்வளவு மவுசு? சென்னையில் ஏதாவது ஏரியிலோ முட்டுக்காட்டிலோ இறக்க முடியுமா? காசு போட்டு வாங்கலாமா, லாரி டியூபே போதுமா?"

நடக்கும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் இடங்களில் பாதிக்கு மேல் இறங்கக் கூடாத இடங்களாகத்தான் இருக்கும். ஃபைபர் படகிலோ கயாக்கிலோ போகிறவருக்குத் தண்ணீர் எப்படி இருந்தாலும் கவலை குறைவு. அவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். ஃப்ளோட் டியூபில் இரண்டு கால்களும், சில மாடல்களில் இடுப்பும் சேர்த்து, மணிக்கணக்காகத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். அதனால் எந்த டியூப் என்று தேடுவதற்கு முன்னால் எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்ய வேண்டும். இந்தப் பதிலில் பெரும்பகுதி அதற்கே போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் என்ன என்று தெரியாதவர்களுக்கு: காற்றடைத்த மிதவைக்கு நடுவில் ஒரு இருக்கை, முதுகுக்கு ஒரு சாய்வு, மடியின் குறுக்கே ஒரு வலைத்துணி. அந்தத் துணியில் மீனை அளக்க அங்குலக் கோடுகள்கூடப் போட்டிருப்பார்கள். ஆரம்பகாலத்தில் லாரியின் உள் டியூபுக்குள் கான்வாஸ் துணியைக் கட்டி, கால் விட இரண்டு ஓட்டை போட்டு உட்கார்ந்தார்கள். அப்புறம் முன்பக்கம் திறந்த 'யு' வடிவம் வந்தது, இப்போது பெரும்பாலும் 'வி' வடிவம். சாதாரண மாடல் 5 முதல் 8 கிலோதான் இருக்கும். காலில் நீச்சல் ஃபின் மாட்டிக்கொண்டு உதைத்தால் பின்பக்கமாக நகரும். ஆமாம், முதுகு போகும் திசையில்தான் பயணம். கை இரண்டும் ராடுக்கும் ரீலுக்கும் மிச்சம். துடுப்பைக் கீழே வைத்து, ராடை எடுத்து, அதற்குள் காற்றில் படகு திரும்பி என்று கயாக்கில் படும் அவஸ்தை இதில் கிடையாது.

வெளிநாட்டில் இது பரவியதற்கு முக்கியமான காரணம் பணமும் இடமும். படகு என்றால் டிரெய்லர், அதை இழுக்க வண்டி, நிறுத்த இடம், இறக்கச் சரிவுத்தளம் எல்லாம் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு இது எதுவும் ஆகாது. டியூபைக் காற்றிறக்கி அலமாரிக்கு மேல் போட்டுவிடலாம். ஜப்பானில் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் சின்னக் குளங்களில் இதை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியா பக்கத்திலும் பைக் என்ற பல்லுள்ள பெரிய மீனுக்காக இறங்குகிறார்கள், அங்கே இதற்குப் பெயர் பெல்லி போட். 2020 கொரோனா காலத்தில் வீட்டுக்கு வெளியே கூட்டமில்லாத பொழுதுபோக்கைத் தேடியவர்கள் தூண்டில் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்காவில் மட்டும் அந்த வருடம் 5 கோடிப் பேருக்கு மேல் மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு இந்த டியூபுக்கும் வந்தது. கூடவே கேமராவை மார்பில் மாட்டிக்கொண்டு எடுக்கும் வீடியோக்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் அரைக் கிலோ மீன்கூடத் திமிங்கலம் மாதிரித் தெரியும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

நம் ஊருக்கு இது அப்படியொன்றும் புதுசு இல்லை. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் காலையில் போய்ப் பாருங்கள். தெர்மாகோல் பலகைகளை அடுக்கிச் சாக்குக்குள் திணித்துக் கட்டி, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு பலகைத் துண்டால் தள்ளிக்கொண்டு வலை விடுகிறவர்கள் இருப்பார்கள். (தெர்மாகோல் என்றதும் 2017ல் வைகை அணையில் மிதக்கவிட்டது ஞாபகம் வந்தால் சிரித்துவிட்டு வாருங்கள்.) லாரி டியூபின் மேல் பலகை கட்டியும் போவார்கள். கடலில் கட்டுமரம் ஏறினவர் காலும் நனையாமல் இருந்ததில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்த வித்தியாசத்தை ஏரிக்கரையில் நிற்கும்போது மறக்காமல் இருந்தால் பாதிச் சண்டை வராது.

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகை எல்லாம் நகரத்தின் குடிநீர். அங்கே பொழுதுபோக்குக்காகத் தண்ணீரில் இறங்கும் பேச்சே வேண்டாம். காவலர் பார்க்கவில்லை என்பதெல்லாம் காரணம் ஆகாது, அது நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர். மற்ற ஏரிகளில் பலவற்றில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். கட்லாவும் ரோகுவும் வானத்திலிருந்து விழவில்லை. அவரைக் கண்டுபிடித்து, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, ஒரு தொகை பேசிக்கொண்டு இறங்குவதுதான் மரியாதை. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். டியூபைப் பார்த்து ஒரு கூட்டமே சிரிக்கும், அது கட்டணத்தில் சேர்த்தி.

அடையாறு, கூவம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர்க் கழிமுகம் பார்க்க அழகாக இருக்கும், கொடுவாய் மீனும் அங்கே உண்டு. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெயும் அந்த முகத்துவாரம் பட்டபாட்டைச் சொல்லும். கரையில் நின்று வீசுவது வேறு, இடுப்பளவு அதில் ஊறுவது வேறு. புறநகர் ஏரிகளில் சாக்கடை கலப்பவை எத்தனையோ. காலில் சின்னக் கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் வரை போகலாம். தண்ணீர் கருப்பாக இருக்கிறதா, ஓரத்தில் நுரை நிற்கிறதா, ஆகாயத்தாமரை கரையிலிருந்து கரைவரை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுங்கள். ஆகாயத்தாமரைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: அதன் வேர்க்கொத்தில் ஃபின் மாட்டினால் உதைக்க உதைக்க இன்னும் சுற்றிக்கொள்ளும்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022லிருந்து ராம்சார் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். அங்கே தூண்டிலோடு போக நினைக்கவே வேண்டாம். வண்டலூருக்குப் பக்கத்தில் நெடுங்குன்றம் ஏரியைச் சிலர் சொல்கிறார்கள். 2023ல் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பகுதியில் சாலையைக் கடந்த முதலையின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்து நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் இருப்பது வனத்துறைக்கும் தெரிந்த விஷயம். ஆளைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்குகிற பிராணிதான். இருந்தாலும் தண்ணீருக்குள் காலை ஆட்டிக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கல்குவாரிக் குட்டைகள் ஆசை காட்டும். மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரை 2017 வறட்சியில் சுத்திகரித்து நகரத்துக்கே கொடுத்தார்கள், அவ்வளவு தண்ணீர். பச்சையும் நீலமுமாக, பாசி இல்லாமல், காற்றும் படாமல் கிடக்கும். ஆனால் ஓரம் செங்குத்து, உள்ளே ஆழம் தெரியாது, ஏறிவர ஒரு இடம்தான் இருக்கும். டியூப் ஓட்டையாகிவிட்டால் எதிர்ப்பக்கம் பாறைச்சுவரைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். கோடை விடுமுறையில் செய்தித்தாளில் எந்தக் குட்டையில் எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று படிக்கிறோம். நான் யாரையும் குவாரிக்கு அனுப்புவதில்லை.

மிச்சம் என்ன? மூன்று வகை. ஒன்று, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துத் தனியார் மீன் பண்ணைக் குட்டைகள், உரிமையாளர் சம்மதத்தோடு. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு, சுத்தமான கிராமத்து ஏரி, குத்தகைக்காரர் அனுமதியோடு. மூன்று, முட்டுக்காடு மாதிரி உப்பங்கழியின் உட்பகுதி.

முட்டுக்காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்கிற எல்லாருக்கும் அதன்மேல்தான் கண். படகுத்துறையை ஒட்டிய பகுதி சுற்றுலாத் துறைப் படகுகள் ஓடும் பாதை, அங்கே டியூபோடு திரிந்தால் விசில் அடித்துத் துரத்துவார்கள், அது நியாயமும்கூட. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்குக் கீழே கொடுவாய் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். பாலத்தூணில் சிப்பி ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி. ஒரு அலை டியூபைத் தூணில் உரசினால் போதும். பாலத்துக்குக் கிழக்கே போகவே போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதங்களில் முகத்துவாரம் திறந்திருக்கும், கோடை நெருங்க நெருங்க மணல்மேடு அடைக்கப் பார்க்கும். திறந்திருக்கும்போது வற்றம், அதாவது கடல்மட்டம் இறங்குவது, இழுக்கிற நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்க அந்தச் சின்ன வாய் வழியாகக் கடலுக்குப் போகும். சென்னைக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனாலும் குறுகலான இடத்தில் அந்த ஒரு மீட்டரின் வேகம் உங்கள் காலைவிட அதிகம். டியூபை நன்றாக உதைத்தால் மணிக்கு 2 கிலோமீட்டர் போகலாம், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. அதனால் பாலத்துக்கு மேற்கே, உள்ளே தள்ளி, ஏற்றம் தொடங்கும்போது இறங்கி, ஏற்றம் நிற்பதற்குள் கரையேறிவிடுவது என் வழக்கம்.

அங்கே விடியற்காலையில் இறங்கினால் முதலில் காதுக்குத்தான் வேலை. மடவைக் கூட்டம் துள்ளி விழும் சத்தம் ஒரு பக்கம், அதை விரட்டும் மீன் 'டப்' என்று வாயை மூடும் சத்தம் இன்னொரு பக்கம். கரையில் நின்றால் அந்த 'டப்' எட்டாத தூரத்தில்தான் கேட்கும். டியூபில் மெதுவாகப் பின்னால் உதைத்து அந்த இடத்துக்கு இருபதடி பக்கத்தில் போய் நிற்கலாம், நிழலும் விழாது, படகின் 'டொக்' சத்தமும் இருக்காது. கொடுவாய் பிடித்ததும் நடப்பது கரையில் பார்த்திராத விஷயம். தூண்டில் நரம்பு இறுகும், ரீல் கத்தும், அப்புறம் டியூப் தானாக மீனின் பக்கம் திரும்பும். இரண்டு மூன்று கிலோ மீன் உங்களை இழுத்துக்கொண்டே போகும். பதறி எதிர்ப்பக்கம் உதைக்காதீர்கள். இழுத்துப் போகட்டும், அதன் பலம்தான் அதில் குறைகிறது. மரவேருக்கோ தூணுக்கோ ஓடினால் மட்டும் உதைத்துத் தடுக்க வேண்டும்.

மீன் பக்கத்தில் வந்த பிறகுதான் கவனம். உட்கார்ந்திருக்கும் உயரம் தண்ணீரிலிருந்து ஒரு சாண் இரண்டு சாண்தான், மீனின் வாயில் தொங்கும் மூன்று முள் கொக்கிக்கும் உங்கள் தொடைக்கும் நடுவில் ஒரு வலைத்துணி மட்டும். காற்றுப்பைக்கும் அதே தூரம். நான் மூன்று முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டிவிடுவேன், அதன் நுனியில் இருக்கும் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிடுவேன். கெளுத்தி மாட்டினால் மடிக்குக் கொண்டுவராமல் பக்கவாட்டிலேயே குறட்டால் பிடித்து விடுவித்துவிடுங்கள். அதன் முள்ளோ, ஓரா என்ற மீனின் முள்ளோ குத்திவிட்டால், பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி அடங்கும். அப்புறம் டாக்டரைப் பாருங்கள். உப்பங்கழியில் இறங்கும்போதும் ஏறும்போதும் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகருங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும்.

ஏரியில் விரால் பிடிக்கிறவர்களுக்கு இது இன்னும் பொருத்தம். கோரைக்கும் அல்லிக்கும் நடுவில் இருக்கும் சின்னத் திறப்புகளில் ரப்பர் தவளையை வைக்க வேண்டும், கரையிலிருந்து அந்தக் கோணம் கிடைக்காது. டியூபில் பின்பக்கமாகப் போய்ச் செடி ஓரமாக நின்று, கையைப் பக்கவாட்டில் வீசிப் போட்டால் சரியாக விழும். தலைக்கு மேல் வீசினால் இவ்வளவு தாழ்விலிருந்து தூரம் போகாது. ஆறரை ஏழடி ராட் இருந்தால் நல்லது. மேலே சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் கொதிக்கிற மாதிரித் தெரிந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அவற்றைப் பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் ஒரு மணி நேரத்தில் மற்ற மீனுக்குத் தீனி. அங்கே போடாதீர்கள்.

பழவேற்காட்டைக் கேட்கிறவர்கள் உண்டு. பரந்து கிடக்கும், ஆழம் குறைவு, மீன் ஏராளம். அங்கே இரண்டு விஷயம். முதலாவது, அது பறவைகள் சரணாலயமும் எல்லை தாண்டினால் ஆந்திராவும் ராக்கெட் தளமும் உள்ள ஏரி, எங்கே இறங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, பாடு. அந்த ஊர் மீனவர்கள் எந்த இடத்தில் யார், எந்த முறையில் வலை கட்டுவது என்று தங்களுக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது, தலைமுறைகளாக நடக்கிறது. வெறும் தண்ணீராகத் தெரியும் இடம் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் வருமானம். குச்சி நட்ட வரிசைக்குள் டியூபோடு மிதந்து போனால், "இன்னா சார், வலை மேல வந்து உக்காந்துட்ட?" என்று கேட்பார்கள், குரல் அவ்வளவு மென்மையாக இருக்காது. உள்ளூர் அண்ணன் ஒருவரைக் கூலி பேசிப் படகோடு கூட வைத்துக்கொள்ளுங்கள். இடமும் காட்டுவார், காற்று மாறினால் இழுத்துக்கொண்டும் வருவார்.

காற்று என்றதும் சொல்ல வேண்டியது. இந்த விளையாட்டில் ஆளைக் கொல்லக்கூடியது அதுதான். பிப்ரவரி முதல் மே வரை காலையில் அமைதி, பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கடல்காற்று கிளம்பும். அது கரைப்பக்கம் தள்ளுவதால் உப்பங்கழியில் களைப்புதான், ஆபத்து குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மேல்காற்று நேர் எதிர். நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். கரையோரம் அலையே இல்லாமல் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரியும், புதியவர் ஏமாறுவது அதில்தான். காற்றுப்பை இரண்டும் பாய்மரம் மாதிரி வேலை செய்யும், நீங்கள் உதைப்பதற்கெல்லாம் அது அடங்காது. அந்த மாதங்களில் கடலோர நீர் எதிலும் நான் டியூபை இறக்குவதில்லை. கடலுக்குள் எந்த மாதத்திலும் இல்லை. கோவளத்தில் சர்ஃபிங் பண்ணுகிறார்களே என்று கேட்பவர்களுக்கு: அவர்கள் அலைமேல் படுத்துத் துடுப்புப்போடக் கற்றவர்கள். நீங்கள் அலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பீர்கள்.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து மார்புவரை வரும் வேடர் (தண்ணீர் புகாத கால்சட்டை) வாங்காதீர்கள். அது குளிர்ந்த தண்ணீருக்கு. நம் தண்ணீர் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும், அதற்குள் வேடர் போட்டால் அவிந்துவிடுவீர்கள், தண்ணீர் புகுந்தால் எழுந்திருக்கவும் முடியாது. முழுக்கால் லைக்ரா, காலில் நியோப்ரீன் காலணி, அதன்மேல் ஃபின், முழுக்கை சட்டை, தொப்பி. ஃபின் மாட்டிக்கொண்டு முன்பக்கம் நடந்தால் விழுவீர்கள். பின்பக்கமாக நடந்து இறங்குங்கள். சேறு முழங்காலுக்கு மேல் போனால் வேறு துறை பாருங்கள், ஃபின்னோடு சேற்றிலிருந்து காலை உருவுவது லேசில்லை.

லைஃப் ஜாக்கெட் டியூபின் பாகம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், நீச்சல் தெரிந்தாலும். விசில் ஒன்று கழுத்தில். போன் தண்ணீர்ப் பையில். தனியாகப் போவது கிடையாது.

இனி வாங்குவது. அமெரிக்காவில் சாதாரண மாடல் நூறு டாலர் அளவில் தொடங்குகிறது, அவுட்காஸ்ட், சாவேஜ் கியர் மாதிரிப் பெயருள்ளவை அதைப்போல மூன்று மடங்கு வரும். இங்கே வரவழைத்தால் கப்பல் செலவும் வரியும் சேர்ந்து விலை எகிறும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: தனித்தனியாகக் காற்றடைக்கும் அறைகள் குறைந்தது இரண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று கரை சேர்க்கும். முன்பக்கம் திறந்த 'யு' அல்லது 'வி' வடிவமாக இருக்கட்டும், பழைய வட்ட வடிவில் கவிழ்ந்தால் காலை உருவி வெளியே வருவது கஷ்டம். உட்காரும் ஆளின் எடையோடு இருபது கிலோ கூட்டி அதற்குத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் டியூபுக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். எந்த ஏரிக்கரையிலும் அது இல்லாத இடம் இல்லை. இரண்டாவது எதிரி உடைந்த பாட்டில், கடை எந்தப் பக்கம் என்று கரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கொண்டுபோய் விரித்து, அதன்மேல் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். ஃபிளெக்ஸுக்கு நம் ஊரில் பஞ்சமா? வெயிலில் முழுக்க அடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உள்ளே காற்று விரிந்து தையல் விட்டுவிடும். கொஞ்சம் தொளதொளப்பாக அடித்து, தண்ணீரில் வைத்து ஐந்து நிமிடம் கழித்து மிச்சத்தை அடியுங்கள். குளிர்ந்ததும் அது எப்படியும் தளரும். உப்புத் தண்ணீரில் இறங்கினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தாவிட்டால் ஜிப் அடுத்த முறை திறக்காது.

லாரி டியூப் போதுமா என்றால், மிதப்பதற்குப் போதும். முதுகுக்குச் சாய்வு இல்லை, இருக்கை நீங்களே கட்ட வேண்டும், ஒரே காற்றறை, வால்வின் உலோகத்தண்டு வேறு விலாவில் உறுத்திக்கொண்டே இருக்கும். பண்ணைக் குட்டையில், மார்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, இது நமக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்கு அது நல்ல வழி. பின்பக்கமாக உதைத்துக்கொண்டே வீசுவது சிலருக்குக் கடைசிவரை கைவராது, சிலருக்குத் தொடை பிடித்துக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரியில் ஒரு பண்ணைக்காரரிடம் பேசி ஜிலேபி மீன், கட்லாவில் பழகிப் பாருங்கள். நாலைந்து தடவை போன பிறகும் ஆசை இருந்தால் நல்ல டியூபுக்குக் காசு போடலாம். முதல் செலவு எப்படியும் ஃபின்னுக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும்தான். டியூப் வாங்காவிட்டாலும் அவை இரண்டும் வீணாகாது.